அழுத இரும்புப் பெட்டி
(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)



என் அப்பா பழைய இரும்புக் கடையில் கேஸ் கட்டிங் செய்பவர். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. சென்ற விடுமுறையில் அவருக்குச் சாப்பாடு கொண்டு போனபோது, ஏதோ ஒரு பழைய மண்டியை இடித்ததில் வந்த இரும்புப் பெட்டியை அறுத்துக்கொண்டிருந்தார். அறுத்த வாயிலிருந்து முதலில் ஆவி சீறியது. பிறகு தண்ணீர் வடிந்தது. "பழைய பொட்டின்னா இப்படித்தாண்டா, அறுத்தா அழுவும்" என்றார். பல வருடமாக அவர் பார்த்துவரும் சங்கதி. காரணம் கேட்டால் அங்கே யாருக்கும் தெரியவில்லை. டிப்ளமோ படிக்கிற எனக்கும் தெரியவில்லை என்பதுதான் வெட்கம். அதைத் தேடிப் போனதில் வந்ததே இக்கட்டுரை.

கதவில் ஒரு பித்தளைத் தகடு. கரியைத் துடைத்ததும் 'மில்னர், லிவர்பூல்' என்று படித்துக் காட்டினேன். தீயைத் தாங்கும் பெட்டிக்கு 1840-ல் காப்புரிமை வாங்கிய இங்கிலாந்து நிறுவனம் அது. இந்த வகைப் பெட்டி ஒன்றல்ல, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு. இடைவெளியில் மரத்தூளும் படிகாரமும் கலந்து அடைத்திருப்பார்கள். ஆம், சவரக் கடையில் முகத்தில் தேய்க்கும் அதே படிகாரம்தான்!

இங்கேதான் நம் வெப்பவியல் பாடம் வருகிறது. படிகாரம் பார்க்கக் கல் போல் உலர்ந்திருந்தாலும், அதன் எடையில் சுமார் 45 சதவீதம் படிக நீர். சூடு ஏறினால் 92 டிகிரி சுமாருக்குத் தன் நீரிலேயே தான் கரைந்துவிடும். பிறகு அந்த நீர் கொதிக்க வேண்டும். ஒரு கிலோ நீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 295 கிலோ ஜூல் போதும். அதை முழுக்க ஆவியாக்கவோ 2,260 கிலோ ஜூல் வேண்டும். நீர் தீரும்வரை உள்பெட்டி 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். காகிதம் கருக 200 டிகிரிக்கு மேல் வேண்டுமே! வெளியே கடை எரிந்தாலும் உள்ளே கணக்குப் புத்தகம் தப்பிக்கும். மறை வெப்பம் என்று மனப்பாடம் செய்து பத்து மார்க் வாங்கினோமே, அதுதான் அப்பாவின் காலடியில் வடிந்தது. படிகாரத்துக்கு ஒரு கெட்ட குணமும் உண்டு. நாளடைவில் தகட்டை உள்ளிருந்தே அரித்துவிடும்.

சரி, தீ போயிற்று. திருடன்? பலரும் பூட்டுதான் கதவைப் பிடித்திருக்கிறது என்று நினைக்கிறோம். இல்லை. கைப்பிடியைத் திருப்பினால் சட்டத்துக்குள் போகும் தடித்த தாழ்களே பிடிக்கின்றன. அந்தத் தாழ்கள் பின்வாங்காமல் தடுப்பது மட்டுமே பூட்டின் வேலை. வங்கியின் பாதுகாப்பு அறைக் கதவும் இதே தத்துவம்தான், கனம்தான் அதிகம். 1818-ல் சப் சகோதரர்களின் பூட்டு வந்தது. தவறான சாவி போட்டால் இறுகிக்கொண்டு சொந்தக்காரருக்குக் காட்டிக் கொடுக்கும். 1851-ல் லண்டனில் அமெரிக்கரான ஹாப்ஸ் அதையும் சாவியில்லாமல் திறந்து காட்டினார்.

ஆனால் 1865-ல் லண்டன் கார்ன்ஹில் நகைக்கடைத் திருடர்கள் பூட்டைச் சீண்டவேயில்லை. கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே சின்ன ஆப்பு, பிறகு பெரிய ஆப்பு, கடைசியில் கடப்பாரை. சட்டம் விரிந்தது, தாழ்கள் நழுவின. அந்தப் பெட்டியும் மில்னர்தான்! கடைக்காரர் வழக்குப் போட, திருடர்களில் ஒருவனான கேஸ்லியே நீதிமன்றத்தில் சாட்சி சொன்னான். அவனை விடச் சிறந்த டெஸ்டிங் இன்ஜினியர் யார்? அதன்பின் பெட்டி செய்பவர்கள், கதவு சட்டத்தைக் கொக்கி போலக் கவ்விக்கொள்ளும் தாழ்களில் கவனம் வைத்தார்கள். நம் நாட்டில் அர்தேஷிர் கோத்ரெஜ் பம்பாயில் பூட்டுத் தொழில் தொடங்கியது 1897-ல். பெட்டிகள் அதற்குப் பிறகு.

இப்படிப் பெட்டிகளை ஆராய்ச்சிக்காகச் சேகரிப்பவர்கள் உலகில் உண்டு. நம்மால் டன் கணக்கில் சேகரிக்க முடியாது, வீட்டுத் தரையும் தாங்காது. ஆனால் ஒரு நோட்டும் வெர்னியரும் போதும். தகட்டின் பெயர், முகவரி, பூட்டின் வரிசை எண், தகட்டுக் கனம், தாழ்களின் எண்ணிக்கை, இவற்றைக் குறித்து ஒரு குறுக்குவெட்டுப் படம் போடுங்கள். முகவரியும் நிறுவனப் பெயரும் மாறிய விதத்தை வைத்தே காலத்தை ஓரளவு பிடித்துவிடலாம். எடைக்குப் போன பிறகு இதில் எதுவும் கிடைக்காது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். எல்லாப் பெட்டியிலும் படிகாரம் இல்லை. சிலவற்றில் கல்நார் அடைத்திருக்கும். உள்ளே நார் நாராக இருந்தால் தொடாதீர்கள், ஊதாதீர்கள். முகத்தில் துண்டு கட்டினால் போதாது, அந்தத் தூசி துணியைத் தாண்டும், நுரையீரலில் தங்கும். அப்பாவின் இருமல் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பழகிப்போன சத்தம். எதனால் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. ஆனால் அவர் அறுத்த பெட்டிகளில் என்னென்ன இருந்தது என்று யார் எழுதி வைத்தார்கள்?

இதை அவரிடம் சொன்னபோது வெகுநேரம் பேசவில்லை. முதலாளியிடம் எடைக்கு எடை பித்தளை விலை கொடுத்து அந்தத் தகட்டை வாங்கி வந்தேன், பஸ் பாஸுக்கு வைத்திருந்த பணம். போன வாரம் தம்பி மூலம் அப்பா சொல்லி அனுப்பினார்: "இன்னொரு பொட்டி வந்திருக்கு. உள்ள என்னன்னு அவன் வந்து பாக்குற வரைக்கும் நான் டார்ச் பத்த வைக்க மாட்டேன்னு முதலாளிகிட்ட சொல்லிட்டேன்."

சனிக்கிழமை போகிறேன்.