கயிற்றின் மேல் ஒரு பாடம்

மூன்றாம் ஆண்டு, இயற்பியல்

மிக எளிய செயல் எது என்று கேட்டால் 'நிற்பது' என்று சொல்லிவிடுவோம். ஆனால் நிற்பதற்காக நம் உடல் ஒவ்வொரு நொடியும் உழைக்கிறது. அந்த உழைப்பைக் கண்முன் காட்டும் புதிய விளையாட்டு ஒன்றை அண்மையில் நண்பனோடு சேர்ந்து முதன்முறையாகப் பழகிப் பார்த்தேன். அதன் பெயர் ஸ்லாக்லைன். இரு மரங்களுக்கிடையே கட்டிய நாடாவின்மேல் நடப்பதே இவ்விளையாட்டு.

இது அமெரிக்காவில், பாறையேறும் இளைஞர்களிடையே தோன்றியது. யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் அவர்கள் ஓய்வு நேரங்களில் சங்கிலிகளின்மீதும் கயிறுகளின்மீதும் நடந்து பழகினர். 1970களின் இறுதியில் ஆடம் குரோசோவ்ஸ்கி, ஜெஃப் எலிங்டன் என்னும் மாணவர்கள், பாறையேறப் பயன்படும் தட்டையான நாடாவை இழுத்துக் கட்டி அதன்மேல் நடந்தனர். 1985-இல் ஸ்காட் பால்கம் என்பவர் யோசெமிட்டியில், பள்ளத்தாக்கின் தரையிலிருந்து சுமார் 2,900 அடி உயரத்தில், லாஸ்ட் ஆரோ என்னும் பாறைத்தூணுக்கு நாடாவின்மேல் நடந்து கடந்தார்.

எங்கள் நாடா முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை. சுமார் 20 அடி இடைவெளியுள்ள இரு வேப்பமரங்களின் பட்டை காயப்படாதவாறு சாக்கைச் சுற்றி, இரண்டு அங்குல அகல நாடாவை ராட்செட்டால் இறுக்கினோம். மலையேற்றப் பயிற்சிக்குச் சென்று வந்த நண்பன், "வெறுங்காலோடு ஏறுடா. காலைப் பார்க்காதே, எதிர்மரத்தைப் பார்" என்றான். அவன் தோளைப் பற்றிக்கொண்டு ஏறினேன். கையை எடுத்ததும் நாடா இடமும் வலமுமாக வெடவெடவென்று ஆடியது. காற்று அடிக்கவில்லை, ஆட்டியது என் கால்தான்.

காரணம் இதுதான். நாடா ஒருபுறம் விலகியதும் கால் அனிச்சையாக அதை மறுபுறம் தள்ளுகிறது. ஆனால் நரம்பின் வழியே செய்தி போய்வரச் சிறிது நேரம் ஆகிறது. அதற்குள் நாடா தானாகவே திரும்பத் தொடங்கிவிடுகிறது. பின்தங்கி வரும் அந்தத் தள்ளல், ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளியதுபோல ஆட்டத்தைப் பெருக்கிவிடுகிறது. பழகப் பழக அனிச்சை அடங்கி, நடுக்கம் குறைகிறது.

புவியீர்ப்பு மையத்தின் வழியே செல்லும் செங்குத்துக் கோடு தாங்குதளத்துக்குள் விழுந்தால் பொருள் சாயாது எனப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். நாடாவிலோ தாங்குதளம் இரண்டே அங்குலம். அதன்மேல் உடலை அசையாமல் வைத்திருப்பது இயலாத காரியம். எனவே உடல் சாயும் பக்கத்துக்கு நாடாவையே காலால் நகர்த்த வேண்டும். உள்ளங்கையில் குடையை நிமிர்த்தி நிறுத்தும் சிறுவன் செய்வதும் இதுவே. குடை சாயும் பக்கம் அவன் கை ஓடுகிறது. உயர்த்திய கைகளுக்கும் வேலை உண்டு. சாயும் திசையில் அவற்றைச் சுழற்றினால், கோண உந்த விதிப்படி உடல் எதிர்த்திசையில் திரும்பும்.

எதிர்மரத்தைப் பார்க்கச் சொன்னதற்கும் பொருள் உண்டு. ஐயமிருந்தால் ஒற்றைக்காலில் நின்று கண்ணை மூடிப் பாருங்கள். உட்செவியின் அரைவட்டக் குழல்களும், தசை மூட்டுகளின் உணர்வும் வேலை செய்தாலும், கண்ணின் துணை நீங்கியதும் உடல் தள்ளாடும்.

ஐந்தாம் நாள் மாலை நான்கு அடி நடந்தேன். நண்பன் பாதி தூரம் போனான்.

விளையாட்டு புதிதானாலும் திறன் நமக்குப் புதிதன்று. குறிஞ்சிப்பாட்டில் மயிலின் தளர்நடைக்குக் கயிற்றின்மேல் நடக்கும் ஆடுமகள் உவமையாக வருகிறாள். இன்று அருகிவரும் கழைக்கூத்தில், சிறுமி ஒருத்தி நீண்ட மூங்கிலைக் குறுக்கே ஏந்திக் கயிற்றில் நடப்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். அந்த மூங்கில் வெறும் அலங்காரமன்று. நிறை அச்சிலிருந்து விலக விலக நிலைமத் திருப்புத்திறன் கூடுகிறது. சாய்வு மெதுவாக நிகழ்கிறது. திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கிறது. நாம் சூத்திரமாக எழுதி மதிப்பெண் பெறுவதை அவள் பாதத்தால் அறிந்திருக்கிறாள்.

ஆயினும் அவளுக்குக் கிடைப்பது விரித்த துணியில் விழும் சில்லறை. அதே திறன் மேலைநாட்டில் விளையாட்டு என்று பெயர் பெற்றதும் போட்டியும் பரிசும் வந்துவிடுகின்றன. நான்கு அடி நடக்க எனக்கு ஐந்து நாள் ஆயிற்று. ஒரு முழுக் கயிற்றை நடந்து கடக்க அச்சிறுமி எத்தனை நாள், எத்தனை முறை விழுந்து எழுந்திருப்பாள்! அவள் குடும்பத்தாரிடம் இருப்பது தலைமுறை தலைமுறையாய் வந்த பயிற்சி முறை. நம் கல்லூரிகள் இவ்விளையாட்டைத் தொடங்க விரும்பினால், நாடாவை விலைக்கு வாங்குவதோடு நில்லாமல், கழைக்கூத்துக் கலைஞர் ஒருவரை ஊதியம் தந்து பயிற்றுநராக அழைக்கலாம். உடற்கல்வித் துறையும் இயற்பியல் துறையும் அவரிடம் கற்க வேண்டியவை நிறைய உண்டு.