சொட்டுவது ஓரிடம், கசிவது வேறிடம்: பழைய வேனில் ஆயில் ஒழுக்கைக் கண்டுபிடிக்கும் முறை

 

நம் முஹல்லாவில் வேனை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் பல. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிச் செல்பவர், கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி தேக்சா கொண்டு போகிறவர், சந்தைக்குத் துணிமூட்டை ஏற்றுகிறவர் எனப் பலரிடமும் இருப்பது பழைய மாருதி ஆம்னிதான். 1984-ல் வந்த இந்த வண்டியின் உற்பத்தி 2019-ல் நின்றுவிட்டது. ஆகவே இன்று தெருவில் ஓடும் ஆம்னி எல்லாமே வயதான வண்டிகள். வயதான வண்டிக்கு வரும் முதல் சீக்கு ஆயில் ஒழுகுவது.

ரிப்பேருக்குக் கடனுதவி கேட்டு வரும் மனுக்களில் “ஆயில் ஒழுகுகிறது, இன்ஜினை இறக்க வேண்டுமாம்” என்ற வாசகத்தை அடிக்கடி பார்க்கிறோம். இன்ஜினை இறக்கினால் பல ஆயிரம் ரூபாய் செலவு. வண்டி நிற்கும் நாட்களுக்கு வருமானமும் இல்லை. சில வண்டிகளுக்கு அது உண்மையிலேயே தேவைப்படும். ஆனால் பல வண்டிகளில் கோளாறு சில நூறு ரூபாய் ரப்பர் வளையத்திலோ, ஒரு பேக்கிங்கிலோதான் இருக்கும். இரண்டில் எது என்று தெரிந்துகொள்ளாமல் பணத்தை எண்ணி வைக்கக் கூடாது. அதைத் தெரிந்துகொள்ளும் வழியே இந்த இதழின் பாடம்.

முதல் பாடம்: ஒழுகுவது எது?

தரையில் ஈரம் கண்டதும் இன்ஜின் ஆயில் என்று முடிவு கட்ட வேண்டாம். இரவில் வண்டியை நிறுத்தியதும் அடியில் ஒரு பெரிய அட்டையை விரியுங்கள். நான்கு சக்கரங்களும் நிற்கும் இடத்தை அட்டையில் பேனாவால் குறியுங்கள். காலையில் சொட்டு விழுந்த இடம், நிறம், வாடை மூன்றையும் பாருங்கள்.

பழுப்பாகவோ கறுப்பாகவோ வழுவழுப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில். அதைவிடக் கெட்டியாக, கந்தக வாடையோடு இருந்தால் கியர் ஆயில். பச்சையாகவோ சிவப்பாகவோ தண்ணீர்போல இருந்தால் ரேடியேட்டர் கூலன்ட். மெல்லியதாக, லேசான மஞ்சளாக, சக்கரத்தின் பக்கமோ பிரேக் மாஸ்டர் சிலிண்டருக்கு நேர் கீழோ விழுந்திருந்தால் அது பிரேக் ஆயிலாக இருக்கலாம். அப்படியானால் வண்டியை ஓட்டவே வேண்டாம். மெக்கானிக்கை வண்டி நிற்கும் இடத்துக்கு வரவழையுங்கள்.

இரண்டாம் பாடம்: எவ்வளவு குறைகிறது?

இந்த வண்டியின் 796 சி.சி. இன்ஜின் கொள்ளும் ஆயில் ஏறத்தாழ 3 லிட்டர்தான். அதில் 1 லிட்டர் குறைந்தாலே பெரிய குறைவு. சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துச் சில நிமிடம் கழித்து, டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி செருகி எடுத்துப் பாருங்கள். ஆயில் இரண்டு குறிகளுக்கும் இடையில் இருக்க வேண்டும். மேல்குறியைத் தாண்டி ஊற்றுவதும் தவறு. கூடுதல் ஆயிலே சீல் வழியாக வெளியேறப் பார்க்கும்.

ஒரு சிறு நோட்டில் தேதி, கிலோமீட்டர், ஆயில் அளவு, ஊற்றிய அளவு நான்கையும் வாரம் ஒருமுறை எழுதுங்கள். ஒரு மாதத்தில் உண்மை தெரிந்துவிடும். தரையில் சொட்டே இல்லாமல் அளவு குறைந்தால், ஆயில் உள்ளே எரிகிறதா என்று பார்க்க வேண்டும்; சைலன்சரில் நீலப்புகை வருவது அதற்கு அடையாளம். அது வேறு கோளாறு, வேறு வைத்தியம்.

ஓடும்போது ஆயில் பிரஷரின் சிவப்பு விளக்கு எரிந்தால், ஓரம் கட்டி உடனே இன்ஜினை அணையுங்கள். “வீடு வரை போய்விடலாம்” என்று ஓட்டினால் பேரிங் பிடித்து இன்ஜினே போய்விடும்.

மூன்றாம் பாடம்: ஏன் இடம் தெரிவதில்லை?

ஆயில் மேலிருந்து கீழே வழியும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஓடும் வண்டியில் அது முன்னிருந்து பின்னாலும் போகும். காற்று அதைப் பின்னோக்கித் தள்ளும். ஆகவே முன்பக்கம் மேலே கசிந்த ஆயில், இன்ஜின் உடம்பெல்லாம் ஓடி, பின்பக்கம் அடியில் வந்து சொட்டும். சொட்டு விழும் இடத்தை வைத்து நோயைச் சொன்னால் தவறிவிடும்.

ஆம்னியில் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் நீளவாக்கில் படுத்திருக்கிறது. அதற்குப் பின்னால் கிளட்சும் கியர் பாக்ஸும். இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் சொட்டினால், அடியில் படுத்துப் பார்க்கும் மெக்கானிக் “கிராங்க் பின் ஆயில் சீல் போய்விட்டது” என்பார். அந்த சீலை மாற்ற கியர் பாக்ஸைக் கழற்றி, கிளட்சையும் ஃப்ளைவீலையும் எடுக்க வேண்டும். செலவு பெருகுவது இங்கேதான்.

அதே இடத்துக்கு நேர் மேலே, பழைய கார்புரேட்டர் மாடல்களில், சிலிண்டர் ஹெட்டின் பின்கோடியில் டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கிறது. அதன் ரப்பர் ஓ-ரிங் சூட்டில் காய்ந்து இறுகிவிட்டால், ஆயில் ஹெட்டின் பின்பக்கமாக வழிந்து, சரியாக அந்தச் சேர்க்கை இடத்தில் வந்து சொட்டும். டாப்பட் கவர் பேக்கிங்கின் பின்மூலை கசிந்தாலும் அப்படியே. கியர் பாக்ஸின் முன்சீல் கசிந்தாலும் அங்கேதான் சொட்டும். அதை வாடையால் பிரித்தறியலாம். ஆக, ஒரே சொட்டுக்கு நான்கு காரணங்கள். அவற்றில் இரண்டு மேலே, சீட்டைத் தூக்கினாலே கைக்கு எட்டும் இடத்தில் இருக்கின்றன. முதலில் அவற்றைப் பார்க்காமல் கியர் பாக்ஸில் கை வைப்பது நியாயமில்லை.

நான்காம் பாடம்: தேடும் முறை

1. கழுவுதல்: பல வருட அழுக்கின் மேல் புதுக் கசிவு தெரியாது. இன்ஜின் ஆறிய பிறகு டிஸ்ட்ரிபியூட்டர், கார்புரேட்டர், ஆல்டர்னேட்டர் ஆகியவற்றை பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டுங்கள். டிகிரீசர் அடித்து, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். பெட்ரோலால் கழுவவே கூடாது; ஒரு தீப்பொறி போதும்.

2. பவுடர் தூவுதல்: காய்ந்த இன்ஜினில் சந்தேகப்படும் இணைப்புகளின் மேல் முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரை மெல்லத் தூவுங்கள். பெல்ட் ஓடும் பக்கம் வேண்டாம். ஆயில் வந்த இடத்தில் பவுடர் நனைந்து கறுப்புக் கோடாகத் தெரியும். கோட்டைக் கீழிருந்து மேலே பின்தொடருங்கள். ஈரம் தொடங்கும் உச்சி எதுவோ அதுவே கசியும் இடம்.

3. ஓட்டிப் பார்த்தல்: குளிர்ந்த ஆயில் கெட்டி, சூடானால் இளகும். பல கசிவுகள் சூடான பிறகே வெளிப்படும். எனவே 10, 15 கிலோமீட்டர் ஓட்டி வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட வேண்டாம்; புகை ஆளைக் கொல்லும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகவும் வேண்டாம். ஸ்டாண்ட் வைத்த பிறகே போக வேண்டும்.

4. நேரத்தைக் கவனித்தல்: ஆயில் ஃபில்டர், ஆயில் பிரஷர் சுவிட்ச் இரண்டும் அழுத்தத்தில் இருப்பவை. இவை கசிந்தால் பெரும்பாலும் இன்ஜின் ஓடும்போது மட்டும்தான் ஒழுகும். சம்ப் பேக்கிங், டிரைன் பிளக் வாஷர் ஆகியவை நின்ற வண்டியிலும் சொட்டிக்கொண்டிருக்கும்.

இவ்வளவும் செய்து பிடிபடாவிட்டால், ஆயிலில் கலக்கும் ஒளிரும் சாயம் கிடைக்கிறது. கலந்து ஓட்டிய பின் புற ஊதா விளக்கை அடித்தால் கசியும் இடம் பளிச்சென்று தெரியும்.

ஐந்தாம் பாடம்: மேலிருந்து கீழே பார்க்கும் வரிசை

ஆயில் ஊற்றும் மூடியின் ரப்பர், டாப்பட் கவர் பேக்கிங், டிஸ்ட்ரிபியூட்டர் ஓ-ரிங், மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப் இருந்தால் அதன் பேக்கிங், பிரஷர் சுவிட்ச், ஃபில்டர், முன்பக்கத்து கேம், கிராங்க் சீல்கள், சம்ப் பேக்கிங், டிரைன் பிளக். இவை அனைத்தையும் பார்த்த பிறகுதான் கிராங்க் பின் சீல்.

இவற்றில் சிலவற்றுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். ஆயில் மாற்றிய மறுநாளே ஒழுக்கு தொடங்கினால், பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு, அதன் மேலேயே புது ஃபில்டர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். டாப்பட் கவர் கசிகிறது என்று போல்ட்டைப் பலங்கொண்டு முறுக்கினால் கவர் வளைந்து கசிவு கூடும். பேக்கிங்குக்குப் பதிலாக சிலிக்கானை அள்ளிப் பூசினால், உள்ளே பிதுங்கிய துண்டு உதிர்ந்து சம்ப்பில் இருக்கும் ஆயில் சல்லடையை அடைக்கும். முன்பக்க சீல் கசிந்தால் டைமிங் பெல்ட் ஆயிலில் ஊறி வீணாகும். அறுந்தால் வண்டி நடுவழியில் நின்றுவிடும். ஆகவே அதைத் தள்ளிப்போடக் கூடாது. பின் சீலே போயிருந்தால் ஆயில் கிளட்சில் பட்டு மேட்டில் வழுக்கும். அதையும் விட்டுவைக்க முடியாது.

ஆறாம் பாடம்: மாற்றிய சீல் திரும்பத் திரும்பப் போனால்

இன்ஜினுக்குள் பிஸ்டனைத் தாண்டி வரும் வாயு வெளியேற ஒரு பிரீதர் ஹோஸ் இருக்கிறது. அது கசடால் அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்த சீல் பலவீனமோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளும். ஒரு சீலை மாற்றினால் அடுத்தது கசியும். முதலாளி மெக்கானிக்கைத் திட்டுவார். மெக்கானிக் சீலைத் திட்டுவார். ஹோஸைக் கழற்றிச் சுத்தம் செய்தால் தீர்ந்துவிடும் கோளாறு இது. ஹோஸ் சுத்தமாக இருந்தும் அதன் வழியே புகை பலமாக வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். கம்ப்ரஷன் சோதனை செய்து உறுதிப்படுத்திய பிறகே ஓவர்ஹால் பற்றிப் பேச வேண்டும்.

ஒழுக்கை நிறுத்தும் மருந்து என்று விற்பவை, இறுகிய ரப்பரைச் சற்றுக் காலம் இளக்கி உப்ப வைப்பவை. கிழிந்த சீலையோ தளர்ந்த போல்ட்டையோ அவை சரிசெய்யாது.

இது வண்டிக்காரரோடு மட்டும் போகும் விஷயமல்ல

கசியும் ஆயில் சூடான சைலன்சர் குழாயில் பட்டால் புகையும், தீப்பிடிக்கவும் செய்யும். ஆம்னியில் இன்ஜின் இருப்பது நாம் உட்காரும் சீட்டுக்கு அடியில். பிள்ளைகள் “ஏதோ கருகுது மாமா” என்று சொன்னால் அதட்டாமல் வண்டியை நிறுத்திப் பாருங்கள். தெருவில் சிந்திய ஆயில் மேல் மழை பெய்தால் பைக்கில் வருபவர் சறுக்கி விழுவார். வழிப்போக்கருக்குத் தொல்லை தராமல் நடப்பது நம் கடமை. பள்ளிவாசல் வாசலில் வண்டி நிறுத்துவோர் ஒழுக்கு சரியாகும் வரை அடியில் அட்டையோ தட்டோ வையுங்கள். எடுத்த பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். அரசு விதிகளின்படி அது அபாயக் கழிவு. பழைய ஆயிலைச் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

1. கசிவு தொடங்கும் இடத்தை எனக்குக் காட்ட முடியுமா?
2. மேலே உள்ள பேக்கிங்கும் ஓ-ரிங்கும் பார்த்தாகிவிட்டதா? பிரீதர் சுத்தமாக இருக்கிறதா?
3. கழற்றும் பழைய சீலைத் திருப்பித் தருவீர்களா?

நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்குக் கோபிக்க மாட்டார். கழுவிப் பார்க்க ஒரு நாள் வேண்டும் என்று அவர் கேட்டால் அந்த ஒரு நாள் கூலியைத் தயங்காமல் கொடுங்கள். தேவையில்லாமல் கியர் பாக்ஸை இறக்கும் செலவோடு பார்த்தால் அது மிகச் சிறிய தொகை.

வேன் ரிப்பேருக்கு உதவி கேட்டு மனு தருவோர், இனி ஆயில் அளவு எழுதிய நோட்டையும், கசியும் இடத்தைச் செல்போனில் எடுத்த படத்தையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். உண்மையில் பெரிய வேலை தேவைப்படுகிறவருக்கு உதவி சீக்கிரம் போய்ச் சேர அது துணை செய்யும்.

வஸ்ஸலாம்.

— செயலாளர்