செமோரிலிருந்து சென்னைக்கு: தூரமும் நேரமும் கணிக்கும் முறை

தோட்டத்து மூதாதையர், பினாங்குத் துறையில் 'ரஜூலா' கப்பலேறி, நாகப்பட்டினத்தையோ சென்னையையோ அடைய பல நாள்களைக் கடலில் கழித்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளோ, "விமானம் நாலு மணி நேரம்தானே" என்று அலட்சியமாகச் சொல்லிவிட்டுப் புறப்பட்டு, நெடுஞ்சாலையிலேயே பாதி நாளைத் தொலைக்கிறார்கள். ஆகவே, டிக்கெட் வாங்குமுன் பிரயாணம் முழுவதையும் காகிதத்தில் கணித்துக்கொள்வது உசிதம்.

முதலில் இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் வடக்கே 2.7 பாகை, கிழக்கே 101.7, சென்னை 13.0, 80.2. வித்தியாசங்கள் 10.3, 21.5. இரண்டையும் தனித்தனியே வர்க்கித்துக் கூட்டி, வர்க்கமூலம் கண்டால் 23.8 பாகை கிடைக்கும். பாகை ஒன்றுக்கு 111 கிலோமீட்டர் வீதம் பெருக்கினால் 2,640 சொச்சம். மெய்யான தூரம் 2,630-ஐ ஒட்டியது. பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால்தான் இந்தத் தட்டைக் கணக்கு பலிக்கிறது. லண்டனுக்கு இது உதவாது, அங்கே பூகோள உருண்டையின்மேல் நூலை இழுத்துப் பிடித்தே அளக்கவேண்டும்.

அடுத்து, தூரத்தை மணிக்கு 800 கிலோமீட்டர் என்ற வேகத்தால் வகுத்து, ஏறவும் இறங்கவும் அரை மணி கூட்டுங்கள்: சுமார் 3 மணி 50 நிமிஷம்.

கடிகார விஷயத்தில்தான் அநேகர் தடுமாறுகிறார்கள். மலேசிய நேரம் இந்திய நேரத்துக்கு இரண்டரை மணி முந்தியது. காலை 9.30-க்குக் கிளம்பும் விமானம், நம் கணக்கில் பகல் 1.20-க்கு இறங்கினாலும், சென்னைக் கடிகாரம் 10.50 என்றே காட்டும். டிக்கெட்டில் அச்சாகியிருப்பதும் அந்தந்த ஊர் நேரமே. (வித்தியாசம் இரண்டு மணி என்று சாதிக்கும் பெரியவர்களோடு வாதிடவேண்டாம், 1982 ஜனவரி முதல் தேதிக்கு முன்பு அது மெய்யாகவே அப்படித்தான் இருந்தது.)

இனித் தரைவழி. செமோரிலிருந்து ஈப்போவின் அமான்ஜெயா பஸ் நிலையம் போய்ச் சேர அரை மணி, அங்கிருந்து விமான நிலையத்துக்கு நான்கு மணி, பெட்டி ஒப்படைக்கவும் குடிநுழைவைக் கடக்கவும் மூன்று மணி, சென்னையில் வெளியேற ஒரு மணி: பறக்கும் நேரத்தோடு எல்லாம் சேர்ந்து பன்னிரண்டு மணிக்குமேல் ஆகிவிடுகிறது. பறப்பது அதில் மூன்றிலொரு பங்குகூட இல்லை. தீபாவளி, நோன்புப் பெருநாள் காலங்களில் தாப்பாவுக்கும் தஞ்சோங் மாலிமுக்கும் இடையே வாகனங்கள் ஊர்ந்துசெல்லும் ஆகையால், மேலும் இரண்டு மணியைச் சேர்த்துக்கொள்வது நலம்.

இவ்வளவையும் கணித்தபின், வடக்கேயும் ஒருமுறை நோக்குங்கள். 2024 டிசம்பரில் சென்னைக்கும் பினாங்குக்கும் நேர் விமானம் தொடங்கியது. ஆகாயத்தில் 260 கிலோமீட்டர் குறைவு. தரையிலோ, சுங்கை சிப்புட் வழியாகக் கோலகங்சாருக்குப் பழைய சாலையில் போய் நெடுஞ்சாலையைப் பிடித்தால், பினாங்கு விமான நிலையமுள்ள பாயான் லெப்பாஸ் ஏறத்தாழ 150 கிலோமீட்டர்தான். செமோர்க்காரருக்கு இதுவே சிலாக்கியமானது என்பது என் அபிப்பிராயம். ஆயினும் கோலாலம்பூரைப்போல் அங்கே பல விமானங்கள் இல்லையாதலால், புறப்படும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டி விசாரிக்கவேண்டும்.

திரும்பும்போது இரண்டரை மணியைக் கூட்டுங்கள்: சென்னையில் இரவு 11.30-க்கு ஏறினால், கோலாலம்பூரில் விடியற்காலை 5.50. ஈப்போ பஸ்ஸுக்கு அதற்கேற்ப இடம் பதிவுசெய்யலாம்.