மொட்டை மாடியில் பேய்ப்படம்

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள்தான் அதிகம். கொல்லைப்புறத்துக்கு எங்கே போவது? நமக்கு வாய்த்தது மொட்டை மாடி. அங்கே பேய்ப்படம் போட்டு நண்பர்களைக் கூப்பிடும் ஆசை இருந்தால், முதலில் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுங்கள். புரொஜெக்டர் பிறகு.

சனிக்கிழமை ராத்திரி நல்லது. மற்ற நாட்களில் ஷூ கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க விடியுமுன் எழுபவர்கள் தெருவுக்கு நாலு பேராவது இருப்பார்கள். இரவு 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்க 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் இடம் தருவதில்லை. ஆகவே 7 மணிக்கே தொடங்கி, 10 மணிக்குள் படம் முடியும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இஷா பாங்கு சொல்லும் நேரத்தில் இடைவேளை விட்டால் தொழுகைக்குப் போகிறவர்கள் போய்வரலாம், மற்றவர்கள் டீ குடிக்கலாம். வேலூரில் சிஎம்சி மருத்துவமனையை ஒட்டிய சந்துகளில் குடியிருப்பவர்கள் மட்டும் இந்த ஆசையையே விட்டுவிடுங்கள். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சிகிச்சைக்கு வந்தவர்கள் சுற்றியுள்ள லாட்ஜுகளில் தங்கியிருக்கிறார்கள். ராத்திரியில் அலறல் கேட்டால் அவர்கள் மனம் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஜனவரி முதல் மார்ச் வரை தோதான காலம். ஜனவரியில் பனி இறங்கும். புரொஜெக்டருக்கு மேல் குடையோ அட்டையோ வையுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தாண்டும் வெயிலைத் தளம் குடித்து வைத்திருந்து ராத்திரி முழுக்கக் கக்கும். சாயங்காலமே தண்ணீர் தெளித்துவிட்டு, தளம் நன்றாகக் காய்ந்த பிறகே ஒயரை இழுங்கள். அமாவாசையை ஒட்டிய நாட்களில் திரை துலக்கமாகத் தெரியும். வீட்டுப் பாட்டி சம்மதிப்பாரா என்பது தனி விஷயம்.

திரைக்குப் படுக்கை விரிப்பு வேண்டாம். காற்றுக்கு அலையும், வெளிச்சம் ஊடுருவிப் பின்னால் போய்விடும். காலணிப் பொருட்கள் விற்கும் கடையில் வெள்ளை ரெக்ஸின் கிடைத்தால் வாங்குங்கள். பளபளப்பு இல்லாததாக இருக்க வேண்டும். பளபளத்தால் நடுவில் வெளிச்சப் பொட்டு விழும். ஐலெட் அடிக்கத் தெரிந்தவர்களுக்கு ஷூ தைக்கும் இந்த ஊர்களில் பஞ்சமா? நாலு ஓரத்திலும் ஐலெட் அடித்துக் கயிறு கோத்து, தளத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளில் இழுத்துக் கட்டினால் சுருக்கமே விழாது. புரொஜெக்டர் வாங்கும்போதோ வாடகைக்கு எடுக்கும்போதோ பெட்டியில் போட்டிருக்கும் 9000 லூமனை நம்ப வேண்டாம். ஆன்சி லூமன் எவ்வளவு என்று கேளுங்கள். 300 இருந்தால் 80 அங்குலத் திரைக்குத் தாராளம்.

பேய்ப்படத்துக்கு உயிர் சத்தம்தான். பெரிய ஸ்பீக்கர் ஒன்றை அலறவிடாமல், சின்னதாக இரண்டை உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். கிட்டத்தில் இருப்பதால் குறைந்த ஒலியே போதும். கதவு கிறீச்சிடுவதும் மூச்சுச் சத்தமும் காதில் விழும், தெருவுக்குப் போகாது. புளூடூத்தைத் தவிர்த்து ஒயரில் இணையுங்கள். சில ஸ்பீக்கர்களில் புளூடூத் ஒலி ஒரு கணம் பின்தங்கும். பேய் வந்து நின்ற பிறகு சத்தம் வந்தால் சிரிப்புதான் மிஞ்சும்.

எந்தப் படம்? எல்லா வயதினரும் கூடினால் என் ஓட்டு விக்ரம் குமார் இயக்கிய ‘யாவரும் நலம்’ (2009). டிவி சீரியலில் தன் வீட்டுக் கதையே ஓடுவதைப் பார்க்கிறார் மாதவன். சீரியல் பார்த்துப் பழகிய அத்தைகளுக்கு இதைவிடக் கிலி தருவது வேறில்லை. பெரும்பாலும் வெளிச்சமான அபார்ட்மெண்டில் நடப்பதால் சாதாரண புரொஜெக்டரிலும் எடுபடும். கார்த்திக் சுப்பராஜின் ‘பீட்சா’ (2012) அருமையான படம்தான், ஆனால் டார்ச் வெளிச்சத்திலேயே பாதி நகரும். மங்கலான புரொஜெக்டரில் கறுப்புத் துணியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். வாண்டுகள் கூட்டம் என்றால் ‘காஞ்சனா’ (2011), பயமும் சிரிப்பும் மாறி மாறி வரும். எதுவானாலும் முதல் நாளே நீங்கள் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். தலைக்கு இவ்வளவு என்று காசு வசூலிக்காதீர்கள். டிக்கெட் போட்டால் உரிமைதாரரின் அனுமதி தேவைப்படும்.

பயந்தவர் துள்ளி எழுவார், பின்னால் சாய்வார். கைப்பிடிச் சுவருக்குப் பக்கத்தில் பாய் விரிக்காதீர்கள். அதன் மேல் யாரையும் உட்காரவே விடக்கூடாது. ஒயர் மாடிப்படியைக் குறுக்கே கடக்க வேண்டாம்.

படத்துக்கு முன்னால் பிரியாணி போடுவது பலரும் செய்வது. சீரகசம்பாவும் கத்திரிக்காயும் உள்ளே போனால் இடைவேளைக்குள் பாதிப் பேர் குறட்டை விடுவார்கள். முதலில் சுண்டல், இடைவேளையில் டீ. பிரியாணி தேக்சாவைப் படம் முடிந்ததும் மாடிக்கு ஏற்றச் சொல்லுங்கள். தனியாகக் கீழே இறங்கப் பயப்படுகிறவர்களும் சாப்பிட்டு முடிப்பதற்குள் தெளிந்துவிடுவார்கள்.