பொருள்துறவும் பற்றறுதியும்

பணத்தைத் தொடாது இக்காலத்தில் வாழ்தல் இயலுமோ, இயலின் அது துறவாகுமோ என மாணாக்கர் சிலர் எம்மை வினவினர். ஜெர்மனி நாட்டு ஹைடமரி ஷ்வெர்மர் என்னும் அம்மையாரின் வரலாறு ஈண்டு ஆராயத்தக்கது. ஆசிரியராயும் பின்னர் உளநோய் தீர்ப்பவராயும் இருந்த இவர், பணமின்றிப் பொருளையும் உழைப்பையும் மாற்றிக்கொள்ளுங் கூட்டமொன்றை 1994இல் டார்ட்முண்ட் நகரில் நிறுவினார். 1996இல் தம் வீட்டையும் உடைமைகளையும் விடுத்தார். ஓராண்டென எண்ணித் தொடங்கியது பல்லாண்டு நீண்டது. வெளியூர் செல்வாரது இல்லத்தைக் காத்து அங்கே உறைந்தார்; வேலைக்கு ஈடாக உணவு பெற்றார். 2016இல் மறைந்தார்.

அவ்வில்லங்கள் பிறர் பணத்தால் எழுந்தனவன்றோ எனின், உண்மையே. காசு அவர் கையை நீங்கிற்றேயன்றி உலகை நீங்கிற்றிலது. ஆயினும் உழையாது உண்டாரல்லர் ஆகலின் இகழ்தல் பொருந்தாது. யாமும் முதற்கண் இகழ்ந்தேம், அது பிழை.

இனி, திருப்புகலூரில் உழவாரப்பணி செய்த அப்பரடிகள், ஆண்டுத் தோன்றிய பொன்னையும் மணியையும் பருக்கைக் கற்களோடு ஒருங்கே வாரி வாவியில் எறிந்தனர் என்பது பெரியபுராணம். அவர் பொன்னை வெறுத்திலர். கல்லினின்று அதனை வேறாகக் கண்டிலர். காசைத் தொடேன் என்னும் உறுதியிலோ காசின் நினைவு நாடோறும் நிற்கும். யான் விட்டேன் என்னுஞ் செருக்கு உடன் எழுமாயின் அஃது ஆணவத்தின் செயலே. அம்மையார்க்கு அது இருந்ததென யாம் கூறேம். பிறர் அகம் நமக்குப் புலனாவதன்று. நூலெழுதியதனால் வந்த ஊதியத்தையும் அவர் பிறர்க்கே வழங்கிவிட்டார்.