பாத்ரூமில் ஏன் பிளக் இல்லை?

அமெரிக்கப் படங்களில் கவனிச்சிருப்பீங்க. கதாநாயகி முகம் கழுவும் தொட்டி பக்கத்திலேயே ஹேர் டிரையரைச் செருகி முடி காய வைப்பாள். நம்ம தாமான் வீட்டில் அந்த இடத்தில் வெறும் சுவர்தான். விளக்கு சுவிட்ச்கூட பெரும்பாலும் கதவுக்கு வெளியேதான் இருக்கும். அவங்களுக்கு மட்டும் கரண்ட் அடிக்காதா?

அங்கே பிளக் வைப்பது கட்டாயம். அமெரிக்க தேசிய மின் விதிப்படி முகம் கழுவும் தொட்டியின் ஓரத்திலிருந்து 3 அடிக்குள் ஒரு பிளக் பாயிண்டாவது இருக்கணும். பாத்ரூம் பிளக்குகளுக்காகத் தனியாக 20 ஆம்பியர் சர்க்யூட் வேண்டும். அந்த பிளக்குக்குக் கசிவைக் கண்டுபிடித்து வெட்டும் கருவியும் வேண்டும். அது சுமார் 5 மில்லிஆம்பியரிலேயே வெட்டிவிடும். பாத்ரூமுக்கு அந்தக் கருவி 1975 முதல் கட்டாயம். அவர்களின் வீட்டு மின்னழுத்தமும் 120 வோல்ட்தான். நமக்கு 230.

நாம் எடுத்துக்கொண்டது பிரிட்டிஷ் வழி. மூணு கால் 13 ஆம்பியர் பிளக்கும் அங்கிருந்து வந்ததுதான். தண்ணீர் இருக்கும் இடத்தில் சாதாரண பிளக்கே வேண்டாம் என்பது அவர்களின் பழைய கொள்கை. எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. ஆனால் பிளக் இல்லாததால் மட்டும் நம்ம பாத்ரூம் பத்திரம் ஆகிவிடவில்லை. தலைக்கு மேலே வாட்டர் ஹீட்டர் தொங்குதே!

ஹீட்டர் சாதாரணமாக 3.6 கிலோவாட். 230 ஆல் வகுத்தால் 15 ஆம்பியருக்கு மேல். அதனால்தான் அதை 13 ஆம்பியர் பிளக்கில் செருகக் கூடாது. டிபி பெட்டியிலிருந்து தனி ஒயர், தனியாக ஒரு டபுள் போல் சுவிட்ச் வேண்டும். அந்த சுவிட்ச் லைவ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து வெட்டும்.

அடுத்தது ஆர்.சி.டி. நம்ம நாட்டின் 1994 மின்சார ஒழுங்குமுறை சொல்வது இது: தரை ஈரமாகக்கூடிய இடத்துக்கு 10 மில்லிஆம்பியர், கையில் பிடித்து இயக்கும் சாதனங்களுக்கு 30, மற்றவைக்கு 100. ஏன் 10? கலிபோர்னியாவில் சார்லஸ் டால்சியல் என்ற பேராசிரியர், கரண்ட் பிடித்தால் கையை எடுக்க முடியாமல் போகும் அளவு எது என்று தன்னார்வலர்களிடமே சோதித்துப் பார்த்தார். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லிஆம்பியர், பெண்களுக்கு 10.5. அமெரிக்க பாத்ரூமில் இருக்கும் அந்தக் கருவியையும் 1961இல் உருவாக்கியவர் அவரே.

ஆர்.சி.டி. செய்வது வெறும் வரவு செலவுக் கணக்கு. லைவ் வழியாகப் போன கரண்ட் முழுவதும் நியூட்ரல் வழியாகத் திரும்பணும். 15 ஆம்பியர் போய் 14.99 மட்டும் திரும்பினால், அந்த 10 மில்லிஆம்பியர் எங்கே? யாரோ ஒருவர் உடம்பு வழியாகத் தரைக்குப் போயிருக்கலாம். உடனே வெட்டிவிடும். எம்.சி.பி.க்கு இந்தக் கணக்கு தெரியாது. 20 ஆம்பியர் எம்.சி.பி. என்றால் அது 20,000 மில்லிஆம்பியர். ஆள் விழுந்தாலும் அதற்கு ஒன்றும் உறைக்காது.

நாங்க நாலு பேர் படிப்புக்காக வாடகைக்கு எடுத்த வீட்டில் ஹீட்டருக்கும் சேர்த்து ஒரே ஒரு 100 மில்லிஆம்பியர் ஆர்.சி.டி.தான் இருந்தது. வீட்டுக்கார அங்கிளிடம் சொன்னேன். “பத்து வருஷமா ஓடுது தம்பி, ஒண்ணும் ஆகல. ஹீட்டர் உள்ளேயே ஒண்ணு இருக்குல்ல?” என்றார். இருக்கு. ஆனால் அது தனக்குப் பிறகு வரும் பகுதியைத்தான் கவனிக்கும். டிபியிலிருந்து ஹீட்டர் வரை வரும் ஒயரில் கசிந்தால் அதற்குத் தெரியாது. 60 மில்லிஆம்பியர் ஒருவர் உடம்பில் ஓடினாலும் அந்த 100 சும்மா பார்த்துக்கிட்டு இருக்கலாம், அங்கிள் என்றேன். இதயத் துடிப்பு தடுமாற அது போதும். அவர் யோசித்தார். பிறகு, பதிவு பெற்ற ஒயர்மேனை அவரே கூட்டிவந்தார். பாதிக் காசு நாங்க போட்டோம்.

ஒயர்மேன் முதலில் எர்த் ஒயரைத்தான் பார்த்தார். அது ஏன் முக்கியம் என்று பலருக்குத் தெரியாது. ஹீட்டர் கம்பி விரிசல் விட்டால் கரண்ட் தண்ணீரோடு வரும். எர்த் சரியாக இருந்தால் கசிவு அப்போதே அந்த வழியாக ஓடும், யாரும் குளிக்க வருவதற்கு முன்பே ஆர்.சி.டி. விழுந்துவிடும். எர்த் இல்லை என்றால், முதலில் நிற்கும் ஆள்தான் எர்த்.

ஆர்.சி.டி.யில் ஒரு சின்ன டெஸ்ட் பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அமுக்கிப் பாருங்க. அது ஆர்.சி.டி. வேலை செய்யுதா என்று மட்டும்தான் சொல்லும், எர்த் நல்லா இருக்கா என்று சொல்லாது. எர்த்தை அளக்க ஒயர்மேனிடம் மீட்டர் இருக்கு. நீங்களே ஹீட்டர் மூடியைக் கழற்றாதீங்க. வாஷிங் மெஷினுக்காக ஈரத் தரையில் எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுப்பதையும் நிறுத்துங்க. நிறைய வீட்டில் இது நடக்குது.

தீபாவளி காலையில் எண்ணெய்க் குளியலுக்கு வீடே வரிசையில் நிற்கும். ஒரு வாரம் முன்னாடியே அந்த பட்டனை அமுக்கிடுங்க. விழவில்லை என்றால் ஹீட்டர் சுவிட்சை அணைத்து மேலே ஒரு டேப் ஒட்டிடுங்க. ஒயர்மேன் வரும்வரை எல்லாருக்கும் பச்சைத் தண்ணீர்தான், பாட்டிக்கு மட்டும் அடுப்பில் காய வைத்துக் கொடுங்க.