எடைக்குறைப்பு அறுவைக்குப் பின் சாப்பாடும் தண்ணீரும்

திட உணவுக்கு மருத்துவர் அனுமதித்த பிறகும், சாப்பாட்டுக்கு நடுவே தண்ணீர் குடிக்காதீர்கள். சுருங்கிய இரைப்பையில் இரண்டுக்கும் இடமில்லை. குமட்டும், வாந்தி வரும். சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்து, வாய் வைத்து சிறுசிறு மடக்காகக் குடியுங்கள். அண்ணாந்து மடமடவென ஊற்றினால் காற்றும் சேர்ந்து போகும். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டராவது தேவை, அதனால் பாட்டில் பக்கத்திலேயே இருக்கட்டும்.

தட்டில் முட்டை, மீன், பருப்பு, பனீர் முதலில், சோறு அப்புறம். தினமும் 60 கிராம் புரதமாவது சேர வேண்டும். கூழாகும்வரை மெல்லுங்கள். வயிறு நிறைந்தால், மிச்சம் ஒரே வாய் என்றாலும் வைத்துவிடுங்கள்.

சோடா வேண்டாம். இரைப்பை பைபாஸ் செய்தவர்களுக்குப் பாயசமும் ஜூஸும் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கைக் கொண்டுவரலாம்.

இரும்புச்சத்து மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். வாந்தி நிற்கவில்லையா? காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.